அப்பா காய்ச்சிய மேப்பிள் பாகு

நியூஜெர்சி வீட்டின் பின்புறம் மேப்பிள் மரத்துச் சாற்றை மகளோடு பாகாகக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். இனிப்பான ஆவி முகத்தில் அடித்ததும் எனக்கு மறுபடி எட்டு வயதாகிவிட்டது.

அன்று எங்கள் பழைய அமெரிக்க வீட்டுச் சமையலறையில் அப்பா இதே சாற்றைக் காய்ச்சினார். ஜன்னல் கண்ணாடியெல்லாம் நீராக வழிந்தது. அப்போது சென்னையிலிருந்து போன் வந்தது. அப்பாவின் அப்பா இறந்துவிட்டார்.

"உடனே கிளம்புங்க," என்றாள் அம்மா.

"எப்படிப் போறது? விசா இன்னும் ரினியூ ஆகலை. போனா திரும்பி வர முடியாது."

அப்பா கிண்டிக்கொண்டே நின்றார். பாகு கறுத்துத் தீய்ந்தது. அம்மா அடுப்பை அணைத்த பிறகும் அவர் கை ஓயவில்லை. நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தாத்தா, கம் டேஸ்ட் திஸ்!" என்று மகள் கத்தியதும் நினைவு கலைந்தது. இப்போது எங்களோடு இருக்கும் என் அப்பாவைத்தான் அவள் வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

அப்பா கதவுவரை வந்தார். வாசனை பட்டதும் உள்ளே திரும்பிவிட்டார்.

"இஸ் ஹி மேட் அட் மி?" என்றாள் மகள்.

"இல்லடா, உன்மேல கோபமில்ல," என்றேன். பாகு தீய்வதற்குள் அடுப்பை அணைத்துவிட்டு அப்பாவைத் தேடி உள்ளே போனேன்.