சேகருக்கு ரத்தம் நார்மல்

இந்த ஊரில் ஒருவர் வேலைக்கு வராவிட்டால் 'க்ராங்க்' என்று ஒரே ஒரு சொல் சொல்வார்கள். உடம்பு சரியில்லை என்று பொருள். என்ன சரியில்லை என்று யாரும் துருவ மாட்டார்கள். ஹாம்புர்க்கில் நான் வேலை பார்க்கும் சரக்குக் கப்பல் அலுவலகத்தில் என் எதிர் மேசைக்காரி பிர்கிட் ஒரு மாதமாக வரவில்லை. தனக்கு மனச்சோர்வு நோய் என்று அவளே எங்கள் எல்லோருக்கும் மின்னஞ்சல் எழுதியிருந்தாள். எல்லோரும் படித்தார்கள், "கூட்டே பெஸ்ஸெருங்", அதாவது சீக்கிரம் குணமாகட்டும் என்று ஒரு வரி பதில் போட்டார்கள், காபி குடிக்கப் போய்விட்டார்கள். ஒருவர்கூட நேரில் போய்ப் பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் சோறும் டப்பாவில் எடுத்துக்கொண்டு போய் அவள் வீட்டு மணியை அடித்தேன். பாதிக் கதவைத் திறந்தவள் முகம் வெளுத்து, "எனக்கு நிஜமாகவே நோயா என்று பார்க்க ஆபீசில் அனுப்பினார்களா?" என்று கேட்டாள். இல்லை, சாப்பாடு என்றேன். "என்னிடம் சாப்பாடு இருக்கிறதே" என்றாள். டப்பாவோடு திரும்பி ரயிலேறினேன். வழியெல்லாம் எரிச்சல்.

அந்த எரிச்சலில் முக்கால்வாசி பிர்கிட் மீது இல்லை, தண்டையார்பேட்டை மீது. அங்கே என் தம்பி சேகர் இருக்கிறான். கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறவன். துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசை பிடித்து நிற்பதை வடசென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சோறு, தூக்கம், சீட்டாட்டம் எல்லாம் அந்த வரிசையில்தான். ஆனால் முன்வண்டி ஓர் அடி நகர்ந்தால் தூக்கத்தில் இருப்பவனும் எழுந்து வண்டியை நகர்த்திவிடுவான். வரிசையில் இடம் விட்டவனை யாரும் மன்னிப்பதில்லை. போன கோடையில் ஒருநாள் முன்னால் நின்ற வண்டிகளெல்லாம் நகர்ந்து போய்விட்டன. சேகர் நகரவில்லை. இன்ஜின் ஓடுகிறது, கண் திறந்திருக்கிறது, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். பின்னால் முதலில் ஹாரன், அப்புறம் கெட்ட வார்த்தை. கடைசியில் யாரோ ஏறி அவனை இறக்கிவிட்டு வண்டியை ஓரம் கட்டினார்கள். வீட்டுக்கு வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

குடித்திருப்பான் என்றது தெரு. அவன் குடிப்பதே இல்லை. "டபாய்க்கிறான்" என்றார் வண்டி ஓனர். அக்காக்காரியான எனக்கு அம்மா போன் செய்தாள். "இன்னாடா செய்துன்னு கேட்டா ஒண்ணியும் இல்லன்றான். சொரம் இல்ல, இருமல் இல்ல. சும்மா செவுத்தப் பாத்துகினு கீறான். ஆம்பளப் புள்ளக்கி இன்னா திமிரு பாரு." அவன் மனைவி கலா மட்டும்தான் ரகசியமாக, "அண்ணி, செத்துட்டா தேவலன்னு சொல்றாரு, பயமா கீது" என்றாள். அடுத்த வாரமே நான் கிளம்பிவிட்டேன்.

பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். மாத்திரை எழுதிவிட்டு ரத்தமும் எடுக்கச் சொன்னார். அதில் சி.ஆர்.பி. என்ற ஒன்று ஏறியிருந்தது. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம் அது. "இது டிப்ரெஷனைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் இல்லம்மா, அப்படி ஒரு டெஸ்ட் இன்னும் கிடையாது" என்றார். "டிப்ரெஷன் இருக்கிற சிலபேருக்கு இது ஏறியிருக்கும், நிறைய பேருக்கு ஏறாது. இந்த அழற்சி மூளையோட ரசாயனத்தையும் தொடுதுன்னு ஆராய்ச்சி நடக்குது. ஆனா ஏதோ ஒரு ரசாயனம் குறைஞ்சிடுச்சு, ஊத்துனா சரியாயிடும்ங்கிற மாதிரி எளிசான விஷயம் இல்ல இது. இவருக்குக் கடைவாய்ப் பல் வேற சொத்தை, அதனாலகூட ஏறியிருக்கலாம்." நான் தலையாட்டினேன். அம்மாவும் தலையாட்டினாள். ஆனால் அம்மாவின் காதில் ஏறியது ஒன்றுதான்: ரத்தத்தில் ஒரு நம்பர் கூடியிருக்கிறது.

அன்று சாயந்திரமே தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. "பாவம்பா, ரத்தத்துல வீக்கமாம்." நேற்றுவரை திமிர் பிடித்தவனாக இருந்தவன் ஒரே நாளில் நோயாளியாகப் பதவி உயர்வு பெற்றான். இளநீர் வந்தது, வெந்தயக் கஞ்சி வந்தது, காசிமேட்டிலிருந்து வஞ்சிரம் வந்தது. மீன் சூடு, கொடுக்கக்கூடாது என்று ஒருத்தி சண்டை போட்டாள். ஓனரே நேரில் வந்து, "ஒடம்பப் பாத்துக்க நைனா, வண்டி எங்கயும் ஓடிப்போவாது" என்றார். நான் ஒவ்வொருவரிடமும் இது சூடு இல்லை, வீக்கம் இல்லை என்று தொண்டை கிழியச் சொன்னேன். யார் கேட்டார்கள்? போகட்டும், எப்படியோ அவனை நம்பினார்களே என்று வாயை மூடிக்கொண்டு ஹாம்புர்க் திரும்பினேன்.

மாத்திரை மெல்ல வேலை செய்தது. வீடியோவில் சவரம் செய்த முகத்தோடு வந்தான், பிள்ளைகளை அதட்டினான். சொத்தைப் பல்லைப் பிடுங்கியாயிற்று. அப்புறம் ஒருநாள் அம்மா குதூகலமாகப் போன் செய்தாள். "நம்ம தெரு லேப்ல திருப்பி எடுத்துட்டோம். எல்லாம் நார்மலு! சேகருக்கு ஒண்ணியும் இல்ல." மாத்திரையை விட்டுவிடாதே அம்மா என்று கத்தினேன். சரி சரி என்றாள். அதற்குப் பிறகு வீடியோவில் சேகர் வரவில்லை. கேட்டால், தூங்குகிறான், குளிக்கிறான், கடைக்குப் போயிருக்கிறான் என்றாள் அம்மா. கலா போனையே எடுக்கவில்லை. பொங்கல் லீவு என்று ஆபீசில் யாருக்கும் புரியாத ஒரு காரணம் சொல்லிவிட்டு மறுபடி விமானம் ஏறினேன்.

அவன் அதே சுவரைப் பார்த்து அதே பாயில் படுத்திருந்தான். மாத்திரை எங்கே என்றேன். "நார்மல்னு வந்துட்ச்சே, இன்னும் இன்னாத்துக்கு? மெடிக்கல்ல திருப்பிக் குடுத்துட்டு சத்து மாவு டின்னு வாங்கினேன்" என்றாள் அம்மா, பெரிய சாமர்த்தியம் செய்தவள்போல. எனக்கு வந்த கோபத்தில் அந்த டின்னைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்திருப்பேன். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அதே மாத்திரையை இன்றே தொடங்குங்கள், நாளைக்குக் கூட்டிவாருங்கள் என்றார். தெருமுனை மெடிக்கல் பொங்கலுக்காகச் சாத்தியிருந்தது. அப்போதுதான் சேகர் வாயைத் திறந்தான். "வுடுக்கா. பேப்பர்ல நார்மல்னு போட்டுக்கீது. அப்பவும் நான் இப்டி கீறேன்னா, நடிக்கிறேன்னுதானே அர்த்தம்? எனக்கே டவுட்டா கீது."

சட்டென்று எனக்குக் கோபம் வற்றிவிட்டது. கைப்பையைத் திறந்து என்னுடைய மாத்திரை அட்டையை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். ஜெர்மன் எழுத்து, ஆனால் அதே மருந்து, அதே அளவு. யாருக்கும் தெரியாமல் நான் மூன்று குளிர்காலமாக விழுங்குவது. அங்கே என் டாக்டரும் ரத்தம் எடுத்துப் பார்த்தார், சி.ஆர்.பி. உட்பட. "உங்கள் ரத்தம் நன்றாக இருக்கிறது, நீங்கள்தான் நன்றாக இல்லை" என்று சொல்லி இதை எழுதிக் கொடுத்தார். 

அம்மா அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உனுக்குமா? உனுக்கு எவ்ளோ?"

"நார்மல்மா. எப்பவும் நார்மல்தான்."

"அப்ப அந்த ஊரு குளிருதான். வந்துடு இங்க."

"இவன் இங்கதானம்மா இருக்கான்" என்றேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். சேகர் எழுந்து உட்கார்ந்தான். "நீயாக்கா?" என்று கேட்டான். "ஆமாண்டா" என்றேன். பிறகு அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி எடுத்து, அம்மா நீட்டிய சொம்புத் தண்ணீரில் விழுங்கினான்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனோம், அவனுக்கென்று மாத்திரை வாங்கினோம். நான் ஹாம்புர்க் வந்து சேர்ந்தேன். மாதக் கடைசியில் என் அட்டை ஒரு நாள் முன்னதாகவே தீர்ந்துவிட்டது. ஒரு நாள் முன்னதாக வந்திருக்கிறீர்களே, ஒன்று எங்கே போயிற்று என்று மருந்துக்கடைப் பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள். ஊரில் இருக்கிறது என்றேன். எடுத்துவர மறந்துவிட்டீர்களா என்றாள். இல்லை, அது அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் புது அட்டையை வாங்கிக்கொண்டேன்.