கோதுமை மாவில் நோர்வே

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் ஆசிரியை சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு நாடு கொடுத்தார். எகிப்து கிடைத்தவள் ஒரு பிரமிட்டோடு வேலையை முடித்துவிட்டாள். எனக்கு வாய்த்தது நோர்வே. வரைபடத்தில் எலி கடித்த பாண் துண்டுபோல ஓரமெல்லாம் பிய்ந்து கிடந்த அந்த நாட்டின் மாதிரியை மலையும் கடலுமாகச் செய்து திங்கட்கிழமை கொண்டுபோக வேண்டும். நன்றாக வந்ததைப் பள்ளிக்கூட வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்களாம். அந்தப் பெட்டியை நினைத்து எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடே இறங்கவில்லை.

நல்லவேளையாக நோர்வே எங்கள் வீட்டுக்கே வந்திருந்தது. அம்மாவின் தங்கையான சின்னம்மா ஒரு மாதத்துக்கு முன்புதான் அங்கிருந்து நாங்கள் குடியிருந்த கோலியர்ஸ் வுட்டுக்கு எங்களோடு இருக்க வந்தார். அந்த நாட்டின் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் அவரும் சித்தப்பாவும் வேலை செய்தவர்கள். சித்தப்பா ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, லீவு கிடைக்கவில்லை என்றார் அம்மா. சின்னம்மாவிடம் அதைக் கேட்கக் கூடாது என்றும் சொன்னார். கேட்காதே என்று சொன்னாலே முன்னால் சொன்னது பொய் என்பதைப் பிடிக்கிற சாமர்த்தியம் அன்று எனக்கு இல்லை.

சனிக்கிழமை சமையலறை மேசையில் ஒரு அட்டையை வைத்து, பிட்டுக்கு இருந்த கோதுமை மாவில் உப்பும் தண்ணீரும் விட்டுக் குழைத்தேன். உண்மையில் குழைத்தது சின்னம்மாதான். வந்த நாளிலிருந்து யன்னலோரமே கதியென்று இருந்தவர், என் கை படும் பாட்டைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மலைகளைக் கிள்ளிக் கிள்ளி எழுப்பினார். எந்தப் பக்கம் கோடையிலும் பனி கரையாது என்று சொன்னார். மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே வரும் பியோர்ட்டுகளை நான் விரலால் கோடிழுத்து நீலம் பூசினேன். பியோர்ட்டுக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டேன்.

“எங்கட ஆக்கள் அங்க கடல்நீரேரி எண்டுதான் சொல்லுறவை,” என்றார். பிறகு, “அது பிழை,” என்றார்.

கரண்டியை எடுத்து நான் நீலம் பூசிய இடத்திலேயே ஒரு பியோர்ட்டைத் தோண்டத் தொடங்கினார். போதும் என்றேன்.

“காணாது பிள்ளை. கரையிலயே ஆழம். ஒரு அடி வைச்சால் நிலம் இல்லை.”

கரண்டி மாவின் அடியைத் தொட்டது. ஈரத்தில் ஊறியிருந்த அட்டையும் கிழிந்து மேசை தெரிந்தது. நான் குழறி அழுதேன். உங்களுக்கு விசர் என்றும் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அம்மா ஓடிவந்து என் முதுகில் ஒன்று போட்டுவிட்டு, தங்கையை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

நடந்ததை அம்மா என்னிடம் சொன்னது எனக்குப் பதினாறு வயதானபோதுதான். சித்தப்பா யாழ்ப்பாணத்தில் கடல்நீரேரிக் கரையில் வளர்ந்தவர். அங்கே முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் நடந்துபோய் இறால் பிடிப்பார்கள். நோர்வேயிலும் தண்ணீர் அலையில்லாமல் கிடந்தது. எதிர்க்கரை வீடுகளின் யன்னல்கூடத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது வாளி மிதந்து போயிருக்கிறது. எடுங்கோ என்று சொன்னது சின்னம்மா. சித்தப்பா காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கியவர் ஏறி வரவில்லை.

இதெல்லாம் தெரியாத எனக்கு அன்று கண்ணாடிப் பெட்டிதான் கவலை. அழுதுகொண்டே மிச்ச மாவை அள்ளி அந்த ஓட்டையை அடைத்து, மேலே தடிப்பாக நீலம் பூசினேன். அடைத்த இடமே தெரியவில்லை. சின்னம்மா இறங்கி வந்தபோது, அவரோடு கோபமில்லை என்று காட்டுவதற்காகக் கூப்பிட்டேன்.

“இஞ்ச பாருங்கோ சின்னம்மா. இப்ப ஆழமே இல்லை.”

அவர் அந்த ஈர நீலத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். மெதுவாக அழுத்திப் பார்த்தார். எடுக்கவேயில்லை. நிறம் அழியப்போகிறதே என்று நான்தான் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன்.