நான்கு நாள் சோதித்த கார்டுகள்

கட்டட வரைபட அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவருக்கு, பதினைந்து வருடமாக அவர் சொன்னது தப்பியதில்லை என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காகவே எதை வாங்குவது என்று சொல்லுமுன், திரைப்படங்களை வேகமாக வரைந்து தரும் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளை மாற்றி மாற்றி நான்கு நாள் ஓட்டிப் பார்த்தார். ஒன்றில் எட்டு ஜிபி நினைவகம், மற்றதில் பதினாறு. வேகம் மட்டும் இம்மி பிசகாமல் ஒன்றாகவே வந்தது.

"பெரிய கார்டுங்கறதெல்லாம் சுத்தப் பித்தலாட்டம் சார்" என்று முதலாளியிடம் முழங்கினார்.

படம் வரையும் பெண் கணினிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, மானிட்டர் வயரை கார்டுல சொருகவே இல்லையே! மதர்போர்டுலல்ல இருக்கு?"

திரையில் வந்ததையெல்லாம் மதர்போர்டில் இருக்கும் சொந்தக் கிராபிக்ஸ்தான் வரைந்திருக்கிறது; கார்டுகள் நான்கு நாளும் விசிறியைச் சுழற்றியபடி ஓய்வெடுத்திருக்கின்றன.

"அப்ப எதைய்யா சோதிச்சீங்க?" என்றார் முதலாளி.

"மதர்போர்டை சார்" என்றார் அவர். "அதுல ஒரு தப்பு சொல்ல முடியாது."