மிக்தாத் எழுந்து நின்ற வெள்ளிக்கிழமை

நல்லவன், நல்லவன் என்று சொல்லிச் சொல்லியே ஒரு மனிதனை ஊர் மொத்தமாக விழுங்கிவிடும். என் சித்தப்பா மகன் மிக்தாத்தை கரக் நகரில் நாங்கள் அப்படித்தான் நாற்பத்தாறு வருடம் மென்று தின்றோம். 'நாங்கள்' என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அந்தப் பந்தியில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

பத்தொன்பது வருடமாக அவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். பஸ்ஸை நிறுத்தியதும் எங்கள் வேலை ஆரம்பித்துவிடும். ஒருவனுடைய மாமியாரை தலைநகர் அம்மானில் கண் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும், இன்னொருவனுடைய அலமாரியை மூன்றாவது மாடிக்குத் தூக்க வேண்டும். யாரைக் கூப்பிடுவது? மிக்தாத்தை. பாகப்பிரிவினையில் கிணறு இருந்த ஆலிவ் தோட்டத்தை அண்ணன் எடுத்துக்கொண்டு கல்லுக்காட்டை இவனுக்குத் தள்ளினான். இவன் சிரித்தான். இவனுடைய கல்யாணத்தையே மற்றவர்களின் வசதிக்காக இரண்டு முறை தள்ளி வைத்தார்கள். அப்போதும் சிரித்தான். எனக்கு வாய் நீளம், என் பஞ்சர் கடையில் உட்கார்ந்து ஊரையே திட்டுவேன். என்னிடம் ஒருவனும் வேலை சொல்ல மாட்டான். வாயில்லாப் பூச்சியைத்தானே எல்லோரும் மிதிப்பார்கள்?

போன மார்ச்சில் ஒரு கல்யாண ஊர்வலம். முன்னால் போன காரை முஹன்னத் என்ற இருபத்திரண்டு வயது தடியன் சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி ஓட்டிக்கொண்டிருந்தான். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து உற்சாகப்படுத்தினார்கள். மருந்துக்கடை ஓரமாக டியூஷன் முடிந்து வந்துகொண்டிருந்தாள் மிக்தாத்தின் ஒரே மகள், பதினேழு வயது ரஹஃப். கார் மோதி இடது கால் இரண்டு இடத்தில் உடைந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. ஒழுங்காக நடக்கவே ஒரு வருடம் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எங்களில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. தப்புச் செய்தவன் வீட்டில் அடங்கிக் கிடப்பான், அவன் பக்கத்துப் பெரியவர்கள் கூட்டமாக வருவார்கள். நாங்கள் காப்பி ஊற்றுவோம். அவர்களில் பேச வந்தவர் கோப்பையைக் குடிக்காமல் முன்னால் வைத்துவிட்டு, வந்த காரியத்தைச் சொல்வார். எங்கள் பெரியவர் "காப்பியைக் குடியுங்கள்" என்று சொல்லிவிட்டால் வழக்கு வாபஸ், எல்லாம் முடிந்தது.

எங்கள் பெரியவர் அபு நவ்வாஃப், மிக்தாத்துக்கும் எனக்கும் பெரியப்பா. அவர் மிக்தாத்தை ஒரு வார்த்தை கேட்காமல் அவர்களுக்குப் போனிலேயே வாக்குக் கொடுத்துவிட்டார். கேட்பானேன்? மிக்தாத் என்றைக்கு மாட்டேன் என்று சொன்னான்! வெள்ளிக்கிழமை விருந்துக்கு ஆறு ஆட்டுக்கும் சொல்லியாகிவிட்டது.

வியாழக்கிழமை மிக்தாத் என் கடைக்கு வந்து டயர் மேல் உட்கார்ந்தான்.

"ரஹஃப் ஒண்ணு கேட்டா, ஹஸ்ஸா. 'பாபா, நாளைக்கு அவங்க கேட்டதும் நீங்க சரின்னுடுவீங்க இல்ல?'ன்னு."

"அதுக்கென்ன? கோவமா கேட்டாளா?"

"கோவப்பட்டிருந்தா தாங்கியிருப்பேன். நாளைக்கு மழை வரும்ங்கற மாதிரி சாதாரணமா கேட்டா. என் பொண்ணுக்கு என்னைத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல. நான் நல்லவன் இல்லடா, பயந்தாங்கொள்ளி. நீங்க அதுக்கு நல்லவன்னு பேர் வச்சீங்க, எனக்கும் அது வசதியா இருந்தது."

"போய்த் தூங்கு," என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் சந்தில் போட்ட கூடாரத்தில் எண்பது ஆண்கள். காப்பி ஊற்றுவது நான். அவர்கள் பக்கம் பேச வந்தவர் ஓய்வு பெற்ற கர்னல். கோப்பையை முன்னால் வைத்தார். விதி என்றார், நம் பிள்ளைகள் எல்லோரும் ஒன்று என்றார், உங்கள் குடும்பத்தின் பெருந்தன்மை என்று கால் மணி நேரம் பேசினார். பெரியப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அவர் வாயைத் திறக்கும்போது மிக்தாத் எழுந்து நின்றான்.

"பெரியப்பா, கொஞ்சம் இருங்க."

"உட்காருடா."

"உட்காரு மிக்தாத், மானத்தை வாங்காத," என்று நானும் பல்லைக் கடித்தேன்.

"இவ்வளவு நேரம் பேசினீங்க. அடிபட்டவ பேரை ஒருத்தரும் சொல்லல. அவ பேரு ரஹஃப்."

எண்பது தலையும் அவன் பக்கம் திரும்பின. அத்தனை ஆண்களுக்கு நடுவில் வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்வது எங்களில் கிடையாது.

கர்னல் தொண்டையைச் செருமினார். "விதிப்பா, மகனே..."

"ஸ்டியரிங்கை விதி பிடிக்கல, முஹன்னத் பிடிச்சான். எங்க அவன்?"

"அவன் வரக் கூடாது. வழக்கம் உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அவன் செஞ்சதுக்கு நாப்பது பேர் வந்து மன்னிப்புக் கேக்கறீங்க. அவ பட்டதுக்கு நாப்பது பேர் உட்கார்ந்து மன்னிக்கறோம். செஞ்சவனும் இங்க இல்ல, பட்டவளும் இங்க இல்ல. அப்புறம் யாருக்குங்க இந்தக் காப்பி? கேஸ் நடக்கட்டும். என்ன நடந்ததுன்னு என் பொண்ணு அவ வாயால சொல்லட்டும்."

கர்னல் எழுந்தார். அவர் பின்னால் அத்தனை பேரும் எழுந்து, கோப்பையைத் தொடாமல் போனார்கள். வந்தவன் காப்பி குடிக்காமல் போவதைவிட ஒரு வீட்டுக்கு அவமானம் எங்களில் கிடையாது.

பெரியப்பா மிக்தாத்தின் பக்கம் திரும்பினார். "நான் கொடுத்த வாக்கு என்னடா ஆச்சு?"

"அது நீங்க குடுத்தது பெரியப்பா. நான் குடுக்கல."

"இனிமே எவனாவது உன்கூட நின்னான், அவனும் எனக்குச் செத்தவன்!"

ஆறு ஆட்டுக் கறியும் அண்டாவில் தயிர்க் குழம்போடு விறைத்துக் கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலு கேள்வி கேட்கலாம் என்று மிக்தாத்தைத் தேடிப் போனேன். கூடாரத்துக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

"உள்ள பெரிய வீரனாட்டம் பேசின, இப்ப என்ன?"

"அப்பவும் இப்படித்தாண்டா இருந்தது," என்று வாயைத் துடைத்தான். "பயம் போனதும் பேசலாம்னுதான் இத்தனை வருஷம் காத்துக்கிட்டு இருந்தேன். அது போகாது போல."



ஞாயிற்றுக்கிழமை விசாரணை. எங்களுக்கு விடுமுறை வெள்ளியும் சனியும்தான், ஞாயிறு கோர்ட் உண்டு. எங்களில் ஒருவன் கோர்ட்டுக்குப் போனால் முப்பது பேராவது கூடப் போவோம். அன்று ஒரு நாய்கூடப் போகவில்லை. என் கடை கோர்ட்டுக்கு எதிரே. மிக்தாத் சக்கர நாற்காலியோடு படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான். பதினோரு படி, சாய்தளம் கிடையாது. அதைக் கட்டியவனைத் திட்டினேன். டீக்கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த என் சொந்தங்களைத் திட்டினேன். எந்தப் பக்கம் தூக்குவது என்று தெரியாமல் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்த மிக்தாத்தைத் திட்டினேன். திட்டிக்கொண்டே சாலையைத் தாண்டிப் போய் ஒரு பக்கம் பிடித்தேன்.

"கிரீஸ் கை, சித்தப்பா," என்றாள் ரஹஃப். "என் துணி."

"வாயை மூடிக்கிட்டு உட்காரு."

மேலே குமாஸ்தா பேனாவைத் திறந்து மிக்தாத்தைப் பார்த்தார். "சொல்லுங்க. என்ன நடந்தது?"

"என்னைக் கேக்காதீங்க, அவளைக் கேளுங்க," என்று சொல்லிவிட்டு மிக்தாத் பின்னால் போய் பெஞ்சில் உட்கார்ந்தான்.

ரஹஃப் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காரின் நிறம், அது எத்தனை முறை வளைந்தது, பின்னால் யார் யார் ஹாரன் அடித்தார்கள், எல்லாவற்றையும் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு கோபமான குரலை நான் கேட்டதே இல்லை, என்னுடையதையும் சேர்த்து. குமாஸ்தா இரண்டு முறை அவளை மெதுவாகச் சொல்லச் சொன்னார். அவள் மெதுவாகச் சொல்லவில்லை.