முந்தின ஆளின் பால்

நான் எட்டாவது வரைதான் படித்தேன். கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு தனியார் பால் சென்டரில் வேலை. ஊர்க்காரர்கள் கொண்டு வரும் பாலைச் சோதிப்பேன். நல்ல பால் என்றால் வாங்குவேன். இல்லையென்றால் திருப்பி அனுப்புவேன்.

சோதிக்க ஒரு மிஷின் இருந்தது. பழசு. சின்னக் கப்பில் பாலை வைத்தால் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு நிமிடத்தில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று முன்பக்கம் நம்பர் காட்டும். ஒரு மழைக்காலத்தில் அந்த நம்பர் வருவது நின்றுபோனது. மிஷின் உள்ளே வேலை செய்தது. பீப் என்று சத்தமும் கொடுத்தது. கண்டுபிடித்ததைச் சொல்ல மட்டும் அதற்கு வழியில்லை. முதலாளி புதுசு வாங்கித் தருவதாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார்.

மிஷின் பின்னால் ஒன்பது ஊசி வைத்த ஒரு சொருகு. சீரியல் போர்ட் என்பார்கள். பழைய கம்ப்யூட்டர்களில் இருக்கும். அது வழியாகவும் நம்பர் வரும் என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்தேன். கள்ளக்குறிச்சி போய் ஒரு ஒயர் வாங்கி வந்து, சென்டரில் பில் போடுகிற கம்ப்யூட்டரில் மாட்டினேன்.

அப்புறம் பைத்தான். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். ஒரு புள்ளி விட்டாலும் திட்டும். முதலில் வந்ததெல்லாம் கட்டமும் கேள்விக்குறியும். மிஷின் அனுப்புகிற வேகமும் கம்ப்யூட்டர் வாங்குகிற வேகமும் ஒன்றாக இருக்க வேண்டுமாம். ஒவ்வொரு வேகமாகப் போட்டுப் பார்த்தேன். 2400 போட்டதும் சுத்தமாக ஒரு வரி வந்தது. வெளியே போய் ஒரு பீடி பிடித்துவிட்டு வந்தேன்.

மொத்தம் இருபத்திரண்டு வரி எழுதினேன். பால் ஊற்ற வந்தவரின் அட்டை நம்பரை அடித்தால், புரோகிராம் போர்ட்டிலிருந்து ஒரு வரியை எடுத்து அவர் பெயருக்கு நேராகக் காட்டும். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னாபா, நீயே எழுதினியா?"

"நான்தான்."

"எட்டாங்கிளாஸுக்கே இப்டின்னா, பத்து படிச்சிருந்தா ராக்கெட் வுட்டிருப்ப."

பெருமையாகத்தான் இருந்தது.

மலை ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் மேலே ஒரு சின்ன ஊர். அங்கிருந்து ஒரு பெண் வருவாள். ஒரே மாடு வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் தன் மொபெட்டில் அவள் கேனையும் மாட்டி, அவளையும் ஏற்றிக்கொண்டு வருவார். அதனால் வரிசையில் அவர் கேன் முன்னால் இருக்கும், அதற்கு அடுத்து அவள் கேன்.

ஒரு நாள் அவள் பெயருக்கு நேராக, நூற்றுக்குப் பதினெட்டு பங்கு தண்ணீர் என்று வந்தது.

"இன்னாம்மா, மாட்ட கறந்துட்டு அடிபம்பையும் கறந்துகினு வந்தியா?" என்றேன்.

வரிசை சிரித்தது.

"நான் ஊத்தலண்ணா."

"மிஷின் சொல்லுது. நானா சொல்றேன்?"

பாலைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாளும் அப்படியே வந்தது. யாரோ ஒருத்தன் "தண்ணிக்காரி வந்துட்டா, வழி வுடுங்க" என்றான். எங்கள் பக்கம் தண்ணி என்றால் சாராயமும்தான். அவள் புருஷன் சாராயத்தில் செத்தவன். எனக்குத் தெரியும். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் அவள் கேட்டாள்.

"அந்தக் கண்ணாடிக் குழாய போட்டுப் பாருண்ணா. முன்ன அதுலதான பாத்த."

லாக்டோமீட்டரைச் சொன்னாள். பாலில் மிதக்க விட்டால் போதும், தண்ணீர் இருந்தால் அமுங்கும். அலமாரியில் துணி சுற்றி வைத்திருந்தேன். எடுக்க ஒரு நிமிடம் ஆகும்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா. நானே எழுதினது. கேனை எடு, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

எடுத்துக்கொண்டாள். மொபெட்காரர் கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தார். தலை நிமிரவில்லை.

நான்காம் நாள் மொபெட் பஞ்சர். கேனை இடுப்பில் வைத்து நடந்து வந்தாள். வேறு ஒரு அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். நம்பர் நன்றாக வந்தது.

"பாத்தியா? திருப்பி அனுப்பினாதான் கேக்கறீங்க."

"நேத்தும் இதே பால்தாண்ணா" என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. மாட்டை விற்றுவிட்டதாக மொபெட்காரர் சொன்னார். அதற்கப்புறம் அவர் வரிசையில் கடைசி ஆளாகத்தான் வந்தார்.

மிஷினைப் போட்டதும் முதல் தடவை சரியாகச் சொல்லாது. அதனால் தினமும் எங்கள் வீட்டுப் பாலை வைத்துச் சும்மா ஒரு தடவை ஓட்டிவிடுவேன். அதைக் கணக்கில் எடுக்க மாட்டேன். ஒரு நாள் வீட்டில் பால் இல்லை. வெறும் தண்ணீரை வைத்து ஓட்டினேன். அன்று முதல் ஆள் கொண்டு வந்தது கெட்டியான பால். திரையில் எல்லாம் தண்ணீர் என்று வந்தது.

"என் மாடு இன்னா, இளநீரா கறக்குது?" என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீர் வைத்தது நான்.

அப்போதுதான் புரிந்தது. மிஷின் அனுப்பிய வரியை யாரும் எடுக்கவில்லை என்றால் கம்ப்யூட்டர் அதைத் தூக்கிப் போடாது, வைத்திருக்கும். அடுத்து நம்பர் அடித்ததும் பழசைத்தான் முதலில் தரும். நான் கணக்கில் எடுக்காத வரி முதல் ஆளுக்குப் போனது. முதல் ஆளின் வரி இரண்டாவது ஆளுக்கு. கடைசி வரை அப்படியே. கடைசி ஆளின் வரி யாருக்கும் போகவில்லை. எல்லோர் பாலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. மொபெட்காரரின் தண்ணீர் அவள் தலையில் விழுந்தது.

பழசைத் துடைத்துவிட்டுப் புதுசுக்குக் காத்திரு என்று ஒரு வரி சேர்த்தேன். ஒரே வரிதான். மறுநாள் மொபெட்காரர் பெயருக்கு நேராகப் பதினேழு வந்தது.

"உன் புரோகிராம் கெட்டுப் போச்சுபா" என்றார்.

லாக்டோமீட்டரை எடுத்து அவர் பாலில் விட்டேன். அமுங்கியது. என்னை ஓரமாகக் கூட்டிப் போனார்.

"ரெண்டு சொம்புதாம்பா. மாடு வத்திகினு வருது."

"அந்தம்மாவத் திட்டினப்ப நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?"

"நீதான திட்டின?" என்றார்.

லாக்டோமீட்டரைத் துடைத்து அலமாரியில் வைத்தேன்.

அன்று மத்தியானம் மேலே நடந்தேன். அவள் கூலிக்குக் களை எடுக்கப் போயிருந்தாள். வரும்வரை வாசலில் நின்றேன். மாடு கட்டின இடத்தில் விறகு அடுக்கியிருந்தது.

"தப்பு என்னுதும்மா. நான் எழுதினதுல தப்பு. உன் பால் நல்ல பால்" என்றேன். நடந்ததை அப்படியே சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் பற்றியும் சொன்னேன்.

அவள் களைக்கொத்தியைக் கூரையில் சொருகினாள்.

"திட்டினது வரிசையில. சொல்றதுக்கு வூட்டுக்கு வந்துட்ட."

"நாளைக்கு அங்கயே சொல்றேன்."

"நான் வரேன்."

வந்தாள். கேன் இல்லாமல் நடந்து வந்து சுவரோரம் நின்றாள். வரிசையில் முப்பது பேர் இருப்பார்கள். முதலாளியும் அன்று வந்திருந்தார். பிறகு நடந்ததற்கு அதைக் காரணமாகச் சொல்ல மாட்டேன்.

"எல்லாரும் கேளுங்க. இந்தம்மா பால்ல தண்ணி கிடையாது. கம்ப்யூட்டர் தப்பா காட்டிடுச்சு."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னியே?" என்றார் ஒருவர்.

"அதுவும் தண்ணி போட்டுகினு வந்திருக்கும்" என்றார் இன்னொருவர்.

ஒரே சிரிப்பு. முதலாளியும் சிரித்தார். மொபெட்காரரும் சிரித்தார். அவள் மட்டும் என்னையே பார்த்தாள்.

"என் வூட்ல இதையா சொன்ன?"

சிரிப்பு நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுதினதுல தப்பு. மூன்று சொல்தான். முந்தின நாள் வந்தது, அன்று வரவில்லை.

"நேரமாவுது. அடுத்தது யாரு?" என்றேன்.

ஒருவர் கேனைத் தூக்கி வைத்தார். நம்பரை அடித்தேன். நிமிர்ந்தபோது அவள் மலை ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தாள்.