வாசலில் கட்டிய வாழை

வளையல் போட வருகிறவளிடம் யாராவது கையை மூடிக்கொள்வார்களா? அக்கா மூடிக்கொண்டாள். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. விருத்தாசலத்தில் நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த செராமிக் பொம்மைக் கம்பெனியில் எனக்கு மூத்தவள். பக்கத்தில் உட்கார்ந்து பொம்மைகளுக்குக் கண் எழுதுவாள். அன்று எங்களோடு வேலை செய்த ஒரு பெண்ணுக்கு மண்டபத்தில் வளைகாப்பு. எல்லாரும் வளையல் போட்டு முடித்தபின், அந்தக் கர்ப்பிணி தன் கையால், பிள்ளை வேண்டிக் காத்திருக்கும் பெண்களுக்கு வளையல் போட்டுவிடுவாள். போட்டுக்கொண்டவளுக்குத்தான் அடுத்த வளைகாப்பு என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அந்த வரிசையில் அக்காவைக் கொண்டுபோய் உட்கார வைத்தவர் அவளுடைய மாமியார்.

அக்காவுக்குப் பிள்ளை இல்லாமல் இல்லை. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் மண்டபத்துக்குள்ளேதான் ஓடிக்கொண்டிருந்தாள். இந்த ஒருத்தி போதும் என்று அக்கா முடிவு செய்திருந்தாள், அதுதான் குற்றம். மாமியார் இதற்கென்றே கம்மாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். அந்த வளையலைப் போட்டுக்கொண்டால் இன்னொரு பிள்ளைக்கு ஊரறியச் சம்மதம் சொன்ன மாதிரி. அப்புறம் மாதாமாதம் ஆளாளுக்கு விசாரிப்பார்கள். அக்கா விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு வாணாங்க, இவ ஒருத்தி போதும்" என்றாள்.

மண்டபமே அமைதியாகிவிட்டது என்று எழுதினால் பொய். எங்கள் ஊர் வளைகாப்பு எந்தக் காலத்தில் அமைதியாக இருந்தது? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒரு கண்ணும் கண்ணல்ல, ஒரு பிள்ளையும் பிள்ளையல்ல என்று ஒருத்தி பழமொழியை எடுத்து விட்டாள். மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "வாழ மரமாட்டம் ஒரு தாரு போட்டுட்டு நின்னுட்டாளே, எம்புள்ள வம்சம் இதோட சரியா?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டார்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. முதல் நாள் கல்யாணத்துக்குக் கட்டியிருந்த வாழைமரங்கள் மண்டப வாசலில் தாரோடு நின்றன. அவற்றைக் கையால் காட்டினாள்.

"வாழ ஒரு தாருதாங்க அத்த போடும். அதத்தான நல்ல காரியத்துக்கெல்லாம் வாசல்ல கட்டி வெக்கிறீங்க?"

அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. ஒரு பெண் தன் வயிற்றைப் பற்றிச் சபையில் வாய் திறக்க முடியும் என்பதையே அன்றுதான் கண்டேன். முதலில் சிரித்தது அந்தக் கர்ப்பிணிப் பெண்தான். மாமியார் சிரிக்கவில்லை. சாப்பிடாமலே பஸ் ஏறிப் போனவர் அந்த வருடம் பொங்கலுக்கும் வரவில்லை. அக்காவின் கணவரோ அம்மாவுக்கும் தலையாட்டுவார், பெண்டாட்டிக்கும் தலையாட்டுவார். தலையாட்டிப் பொம்மையை நாங்களும் செய்வோம், ஆனால் அவரளவுக்கு வந்ததில்லை.

சில நாள் கழித்து, வேலைக்கு நடுவே, ஏன் அக்கா ஒன்றோடு நிறுத்திவிட்டாய் என்று கேட்டேன். டாக்டர் ஏதாவது சொல்லியிருப்பார், சம்பளம் போதாமல் இருக்கும் என்று நானே காரணங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அக்காவிடம் ஒன்றுமே இல்லை. "வயிறு நெறஞ்சா எலைய மூடுறோம். ஏன் மூடினேன்னு யாராச்சும் கேக்குறாங்களாடி?" என்றாள். வாழையை விட்டு இறங்க மாட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சொல்வது சுலபம். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் தெருவே அக்காவைப் பார்க்கும். இருப்பது ஒன்று, அதற்கும் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வாய் என்று வாயால் கேட்காமல் கண்ணால் கேட்கும். அக்கா பயப்படாமல் இருந்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். ஈரத்துணியை மகளின் நெற்றியில் வைத்துவிட்டு, காய்வதற்குள் எடுத்து மறுபடி மறுபடி நனைத்து வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். பொம்மைக்கு வரைந்த இமையை இரண்டாம் தரம் தொடாத கை அது. ஆனாலும் முடிவை மாற்றவில்லை. எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டாவதை ஏன் பெற்றேன் என்று யோசித்ததே இல்லை. கேட்டார்கள், பெற்றேன். அவனை உயிராகத்தான் வளர்த்தேன், அது வேறு.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். அவள் மகள் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள், கல்யாணமும் ஆகிவிட்டது. குழந்தையே வேண்டாம் என்று அவளும் கணவனும் சேர்ந்து முடிவெடுத்து அக்காவிடம் சொல்லிவிட்டார்களாம். நீ ஒன்றோடு நிறுத்தினாய், அவள் ஒன்றும் இல்லாமலே நிறுத்திவிட்டாள் என்று தெருவில் பேசுகிறார்களாம். அக்கா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஒனக்குப் பேரப்புள்ள ஆச இல்லியாக்கா?"

"இல்லாம? கொள்ள ஆச இருக்குது. தெருவுல ஒரு கொழந்தைய உடறதில்ல, தூக்கிக் கொஞ்சிட்டுதான் வூட்டுக்கு வரேன்."

"அப்ப அவகிட்ட ஒரு வார்த்த சொல்லேன். நீ சொன்னா கேப்பா."

"கேப்பா. அதுக்காகத்தான்டி சொல்லல."

அன்று மண்டபத்தில் பேசியதைத்தான் இத்தனை வருடமும் பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரியதை இந்த மனுஷி வாயை மூடிக்கொண்டு செய்துகொண்டிருக்கிறாள்.

அப்போது மகளிடமிருந்து போன் வந்தது. சாப்பிட்டியா என்று கேட்டாள் அக்கா. மாப்பிள்ளைக்குச் சளி தேவலையா என்று கேட்டாள். அங்கே மழையா என்று கேட்டாள். போனைக் காதில் வைத்தபடியே, தெருவில் ஓடிய ஒரு குழந்தையைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பிறகு, "சரிம்மா, ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.