பெயரில்லாத தாள்களின் வரிசை

வாசகரே, உங்களைச் சாட்சியாக நிறுத்தியே இதைச் சொல்கிறேன். நடந்தபோது என் பக்கம் ஒரு சாட்சியும் இருக்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் நான் பள்ளியின் பேச்சாளன். விவாதப் போட்டிகளில் எந்த அணி என்பதைச் சீட்டு எடுத்துத்தான் கொடுப்பார்கள். எந்தப் பக்கம் விழுந்தாலும் அதையே என் உயிர்க் கொள்கைபோலப் பேசிக் கோப்பையோடு திரும்புவேன். என் சொந்தப் பக்கம் எது என்று எவரும் கேட்டதில்லை.

அவ்வாண்டுதான் சங்கு குளிக்கப் போன என் அண்ணன் உயிரோடு கரை திரும்பவில்லை. படகில் ஓடும் கம்ப்ரசர் குழாய் வழியே கடலடிக்குக் காற்றை அனுப்பும். அது பாதியில் நின்றுவிட்டது என்றார்கள். அடக்கம் முடிந்த சில நாட்களில் என் காதுக்குள் அந்தக் கம்ப்ரசர் ஓடத் தொடங்கியது. ஓடும்வரை பயமில்லை. திடீரென்று நிற்கும். அப்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். மேடையில் ஒருமுறை அப்படி நின்றேன். உரையின் நடுவே நான் விட்ட இடைவெளியை நடுவர்கள் பாராட்டினார்கள். முன்வரிசையிலிருந்த அம்மாவும் கைதட்டினாள்.

மாணவர் மனநலம் பற்றிய கேள்வித்தாளோடு ஒரு பெண் எங்கள் வகுப்புக்கு வந்தார். "பேர் எழுதாதீங்க தம்பிகளா. உள்ளதை மட்டும் எழுதுங்க. முடிச்சதும் நீங்களே மடிச்சு இந்தப் பெட்டியில போட்டுருங்க" என்று பென்சில்களைக் கொடுத்துவிட்டு, யாரும் எங்களைக் கவனிக்கக் கூடாது என்பதற்காகவே வராந்தாவுக்குப் போய்விட்டார்.

'மற்றவர்களுக்குக் கேட்காத ஒலி உங்களுக்குக் கேட்கிறதா?' என்றது ஒரு கேள்வி. சீட்டு எடுக்காமல் என் பக்கத்தை நானே தேர்ந்தேன். 'அடிக்கடி' என்ற கட்டத்தில் குறியிட்டேன். தோளிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது.

ஆனால் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் எந்தத் தாளும் வரிசை எண்படியே கைமாறும். என் பக்கத்தில் இருந்த வகுப்புத் தலைவன் பழக்கம் மாறாமல் ஒன்றாம் எண்ணிலிருந்து தாள்களை வாங்கி, விளிம்பு தட்டி, அழகாக அடுக்கிவிட்டான்.

பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏலே கூறுகெட்டவனே, நம்பர் வரிசையில அடுக்கிட்டு பேரில்லன்னா என்னலே அர்த்தம்? ஒம்பதாவது தாளு எவன்னு எங்க வீட்டு ஆட்டுக்குட்டி சொல்லும்."

"கலைச்சுப் போட்டா போச்சு" என்றான் தலைவன்.

"அடுக்கும்போது நீ பாத்தேல்லா? மொதல்ல என் தாளத் தா" என்றது அதே குரல்.

அடுத்த கணம் ஆளாளுக்குத் தாளைப் பறித்தார்கள். அறை முழுக்க ரப்பர் தேயும் ஓசை. நானும் அழித்தேன். 'ஒருபோதும் இல்லை' என்ற கட்டத்தை நிரப்பி, தாளை மடித்துப் பெட்டியில் போட்டேன்.

தலைவன் என்னைப் பார்த்தான். "நீயுமாலே?" என்றான், மெதுவாக. அவன் மேசையிலும் ரப்பர் துகள் கிடந்தது.

மணி அடித்ததும் நான் வாசலுக்கு ஓடினேன். அந்தப் பெண் ஸ்கூட்டரில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அதுல ஒரு தாளு பொய்."

"ஒண்ணுதானா?" என்று சிரித்தவர், என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். "பேர் வேண்டாம் தம்பி. விஷயத்தை மட்டும் சொல்லு."

சொன்னேன். எடுப்பு, தொடுப்பு, முடிப்பு எதுவுமின்றி, என் வாழ்நாளின் மிக மோசமான உரையாக அது வந்தது. அவர் குறுக்கிடவில்லை.

"இது வீட்டுல யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு நான் ஒருத்தன்தான் தெம்பா இருக்கதா நெனப்பு."

"திங்கக்கிழமை இங்கதான் இருப்பேன். அதுக்குள்ள ஒருத்தர்கிட்டயாவது சொல்லுவியா?"

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி ஒன்று பேரிரைச்சலோடு எங்களைக் கடந்தது. அவருக்குக் கேட்க வேண்டுமே என்று, தெருவே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னேன்:

"இன்னைக்கே எங்கம்மாகிட்ட சொல்லிருதேன் அக்கா. திங்கக்கிழமை அம்மாவையும் கூட்டிட்டு வாரேன்."